நிலையோடு நிறுத்திய கதவுகள்

பெரியவன் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மூன்று விஷயங்கள் எழுத வேண்டும். வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும்.

1. நான் நலம்.
2. கிடங்கில் நடந்த வேடிக்கை.
3. நம் பழைய ஜன்னல்கள்.

முதலாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

இரண்டாவது. இடிக்கும் வீடுகளின் கதவுகள் குப்பைக்குப் போகாமல் எங்கள் கிடங்குக்கு வந்து, பிறகு புது வீடுகளுக்குப் போகின்றன. நிலையோடு சுவரோரம் நிறுத்தினால் கோணாது என்று சொன்னதே நான்தான். நேற்று மதியம் அளவெடுத்துவிட்டு வெளியே போக ஒரு கதவைத் திறந்தேன், சுவர். அடுத்ததிலும் சுவர். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஐயா, எந்த வீட்டுக்குக் கிளம்பிட்டீங்க?"

"வெளிய போற கதவு எதுப்பா?"

"இங்க ஏதுங்கய்யா கதவு? ஷட்டர்தானே. காலைல நீங்கதான தூக்குனீங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெயில் காரணமாக இருக்கலாம். ஆனால் உள்ளே வெயில் இல்லை.

மூன்றாவது. நம் வீட்டுப் பின்னறையை இடிக்கும்போது ஜன்னல்களை உடைக்க விடாதே. சட்டத்தைத் தட்டிப் பார். பொத்தென்று கேட்டால் உளுத்தது. டொக்கென்று கேட்டால் புது அறைக்கே வைக்கலாம். நீள அகலத்தை எழுதி அனுப்பு. பெரியவனை எழுதச் சொல்லாமல் நீயே எழுது, அவன் எழுத்து புரிவதில்லை. நம் வாசல் கதவின் அளவையும் சேர்த்துக்கொள்.

லாரி கிளம்புகிறது, டிரைவரிடம் இதைக் கொடுக்க வேண்டும். ஒன்றாம் எண்ணில் எழுதியது சரியில்லை. நேற்று அந்த இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது கதவை நான் திறக்கப் பார்க்கவில்லை. அதைத் தட்டி, திறக்கச் சொல்லி உன்னைக் கூப்பிட்டேன்.

பெரியவன் அப்பா