லாரிக் காற்றில் எழுந்த கார்

இன்று காலை கடைக்குப் போகும் வழியில், காலடிப்பேட்டை மெக்கானிக் ஷெட் வாசலில் ஒரு பெரிய கார் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. கிட்டே போகும் முன்பே, உன் காரில் வருமே, அந்த வாசனை வந்தது. வெல்லப்பாகு அடிப்பிடித்து, அதோடு கொஞ்சம் ரப்பரும் கருகினால் எப்படி இருக்கும், அந்த வாசனை. இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஒழுகி சூடான இன்ஜின்மேல் சொட்டுகிறது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிட்டேன். காருக்குச் சொந்தக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, நீங்கள் மெக்கானிக்கா என்று கேட்டார். மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுக்கிறவன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். நீ பக்கத்தில் இருந்தால் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருப்பாய். யாரும் இழுக்கவில்லை. அதனால்தான் கடையைத் திறந்தும் கயிற்றுக் கட்டுகளை வெளியே எடுத்து வைக்காமல் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. அதற்குள் வாத்தியார்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்வேன். உன்னைத் தவிர எல்லாரும் சிரிப்பார்கள். நீ மட்டும் சிரிக்காமல், ஆனால் நம்பாமலும், டீயைக் குடித்துக்கொண்டிருப்பாய். ஒருமுறை கலெக்டர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டதாகச் சொன்னபோது, "எந்த கலெக்டரு, பில் கலெக்டரா?" என்று மட்டும் கேட்டாய். உண்மையில் பில் கலெக்டர்தான். உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நான் ஹைரோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். ஆசியாவிலேயே பெரிய தார்ப்பாய்க் கடை என்று சொல்வேன். திருவொற்றியூரும் ஆசியாவில்தானே இருக்கிறது. உனக்கு ரிட்டயர்மென்ட் வந்த வருஷம்தான் உன் வீட்டுக்காரி ரீட்டா தங்கச்சி மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஆபரேஷன். நடக்கலாம், உட்காரலாம், ஆனால் குலுக்கல் மட்டும் கூடாது என்று டாக்டர் சொன்னார். குலுக்கல் இல்லாத ரோட்டுக்கு நாம் எந்த ஊருக்குப் போவது? கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ராப்பகலாக ஓடும் ரோடு நம்முடையது. ஆட்டோவில் ஒரே ஒரு தடவை ராயபுரம் மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கூட்டிப் போனாய். திரும்பி வரும் வழி முழுக்க அவள் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அதற்கப்புறம் தெருமுனையைத் தாண்டவே இல்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் பெண் ஜாஸ்மினுக்கு வரன் அமைந்தது. கல்யாணம் ராயபுரம் கோயிலில். பெற்ற தாய் வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யலாமே என்றார்கள். உள்ளே படுத்திருந்த ரீட்டா, "பொண்ணு கல்யாணத்துக்கு சைரன் ஊதிகினு போணுமா? நான் வரல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீ வெளியே வந்து செருப்பைத் தேடினாய். காலில்தான் போட்டிருந்தாய்.

அடுத்த வாரம் நீ அந்தக் காரோடு வந்து நின்றபோது, ஊரே உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றது. பின்சீட்டில் முதலாளி உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஜாதிக் கார். கப்பல் மாதிரி நீளம், கறுப்பு, உள்ளே தோல் சீட்டு. பத்து வருஷப் பழசு, மூன்று கை மாறியது. புதுச் சின்னக் கார் விலையைவிடக் குறைவு. ஏன் குறைவு என்பது வாங்கிய பிறகு தெரியும் ரகம். உனக்கு அது முன்னாலேயே தெரியும். "வாங்கற துட்டு சும்மா கொட்டாய்க்குள்ள வுடறதுக்கு மாமு, படம் பாக்கற துட்டு அப்பால" என்றாய். நீ அதை வாங்கியதற்கு ஒரே காரணம்தான். அதில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் ரப்பர் காற்றுப்பை. வண்டி காற்றின்மேல் உட்கார்ந்து போகும்.

முதல் நாள் ரீட்டாவைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து எண்ணூர்ப் பக்கம் ஓட்டினாய். நான் முன்சீட்டில். பத்தாவது பள்ளத்தில் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்தபடி அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. நீ கண்ணாடியில் பார்த்தாய், வண்டியைத் திருப்பவில்லை. வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வரைக்கும் போய், நிறுத்தினால் முழித்துக்கொள்வாள் என்று அப்படியே சுற்றிக்கொண்டு வந்தாய். எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவில்லை பார், என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில நேரங்களில் அது ஒன்று.

அப்புறம் அந்தக் கார் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. டாஷ்போர்டில் ஒவ்வொரு விளக்காக எரிந்து, கடைசியில் மாதா கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஆனது. கூலன்ட் குழாய் பிளாஸ்டிக். காய்ந்து விரிசல் விட்டது. ஏசி குளிரவில்லை. நான்கு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி செத்துப்போகும். டயரின் ஓரம் மெல்லியது, பள்ளத்தில் இறங்கினால் கொப்பளம் கட்டும். அந்த ஒரு டயரின் விலையில் என் ஸ்கூட்டருக்கு ஆயுசு முழுக்க டயர் போடலாம். டிரெய்லர் வரிசையில் மாட்டினால் பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். உன் பென்ஷனில் பாதி அந்த மூடிக்கடியில் போனது. நான் கேட்டபோது, ஒரு வண்டி உடம்பு சரியில்லாத ஆளைச் சுமக்கிறது, அதற்கும் உடம்பு சரியில்லாமல் போகும்தானே என்றாய்.

ஆனால் பெரிய கோளாறு நம் ஊர்ப் பழக்கத்தால் வந்தது. கடல் காற்றுக்கு இரும்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். படகு இன்ஜின் ஆனாலும் கிரேன் சங்கிலி ஆனாலும் பழைய இன்ஜின் ஆயிலை எடுத்துப் பூசிவிடுவோம், துரு அண்டாது. முப்பது வருஷம் அதைச் செய்த கை உன்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் படுத்து, பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் அன்பாகப் பூசினாய். இரும்புக்கு நல்லதுதான். ரப்பருக்கு ஆயில் ஆகாது. முன்பக்க இடது காற்றுப்பை ஊறிப்போய், உப்பி, கசிய ஆரம்பித்தது. கசிகிற பைக்குக் காற்று அடித்து அடித்து, காருக்குள் இருக்கிற கம்ப்ரசரும் கருகியது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, கார் ஒரு பக்கம் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டது.

புதுப் பை வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். இல்லாவிட்டால் நான்கு பையையும் எடுத்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் மாட்டலாம், மறுநாளே தருகிறேன், செலவும் கால்வாசிதான் என்றார். எல்லாரும் அதையே செய்யச் சொன்னோம். நீ மட்டும், "அத்த மாட்டினா இதுவும் ஆட்டோதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். மறுநாள் நீயே அந்தப் பைக்குப் போகிற மெல்லிய குழாயை வெட்டி, அதில் ஒரு டயர் வால்வைப் பொருத்தினாய். பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்தோம். மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி எழுந்தது. முக்கால் மணி நேரம் நின்றது. ராயபுரம் போக அரை மணி போதும் என்றாய். அந்தக் கணக்கில் டிரெய்லர்களை நீ சேர்க்கவில்லை.

கல்யாணத்தன்று ஜாஸ்மின் முன்னாடியே வேறு வண்டியில் போய்விட்டாள். பஞ்சர் கடையில் காற்றை நிரப்பிக்கொண்டு நாம் மூவரும் கிளம்பினோம். ஹைரோட்டில் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள், எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பிடித்தோம். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர்கள். துறைமுகத்தில் ஏதோ கேட்டை மூடிவிட்டார்களாம். இடது ஓரமாக ஊர்ந்தோம். தண்டையார்பேட்டை வருவதற்குள் இடது மூலை இறங்கி, சக்கரம் மட்கார்டில் உரச ஆரம்பித்தது. அப்புறம் ஒரு பள்ளம். ரீட்டா பட்டுப்புடவையின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். நீ வண்டியை நிறுத்தினாய். கோயிலிலிருந்து போன் மேல் போன். ஃபாதருக்கு அடுத்த பூசை இருக்கிறது, எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்.

நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் நின்ற டிரெய்லரின் டிரைவர் மேலே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ரோட்டில் ஓடுகிற அத்தனை லாரிக்காரனுக்கும் என்னைத் தெரியும், தார்ப்பாய்க் கடை மாமு என்று சொன்னால் போதும் என்றேன். அவர் சேலத்துப் பக்கத்து ஆள். நிதானமாக மென்று முடித்துவிட்டு, "கன்டெய்னருக்கு எதுக்குங்க தார்ப்பாய்?" என்றார்.

நீ இறங்கி வந்தாய். பொய்யும் இல்லை, கும்பிடும் இல்லை. "எம் பொண்ணுக்கு கல்யாணம். பின்னால குந்தினு கீறது அவ அம்மா. முதுகுல ஆபரேசன். காத்து வோணும்" என்றாய்.

அவர் எட்டிப் பின்சீட்டைப் பார்த்தார். இட்லிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹோஸை எடுத்துக்கொண்டு இறங்கினார். டிரெய்லர்களுக்கு பிரேக் பிடிப்பதே காற்றில்தான். அந்தக் காற்றுத் தொட்டியிலிருந்துதான் வழியில் டயருக்கும் அடித்துக்கொள்வார்கள். உலகத்துக்கெல்லாம் சொல்லித் தருகிற எனக்கு அந்த நேரம் அது தோன்றவில்லை. "சக்கரத்துக்குத்தானுங்க காத்துப் புடிப்பாங்க" என்று முனகிக்கொண்டே நீ காட்டிய வால்வில் வைத்தார். கார் மெல்ல எழுந்து நின்றது. ரீட்டா கண்ணைத் திறந்து, கோயில் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

அந்தக் காற்று நமக்குக் காசிமேடு வரை வந்தது. அங்கே இன்னொரு டிரெய்லர், இந்திக்காரர். உன் பேச்சு அவருக்குப் புரியவில்லை. வால்வையும் ரீட்டாவையும் காட்டினாய், புரிந்துவிட்டது. கோயிலுக்கு இரண்டு தெரு முன்னால் மூன்றாவது. அவர் கிளீனரை இறக்கிவிட்டு நமக்கு முன்னால் கையசைத்து வழிவிடச் செய்தார். எந்த வண்டிகள் போட்ட பள்ளத்துக்குப் பயந்து தங்கச்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்தாளோ, அந்த வண்டிகளின் மூச்சுக்காற்றில் அவள் கோயில் வாசலில் வந்து இறங்கினாள். உன் தோளைப் பிடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் நடந்தாள். ஃபாதர் புத்தகத்தை மூடி வைத்திருந்தார், திரும்பத் திறந்தார்.

அப்புறம் புதுப் பையும் கம்ப்ரசரும் வந்தன, மாட்டினாய். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தாய். இரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அவளைப் பூசைக்குக் கூட்டிப்போனாய். போன மழைக்காலத்தில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தியாவின் மிகப் பெரிய டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். இதை நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்.

கார் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார், ஜாஸ்மின் கேட்கவில்லை. அவள்தான் இப்போது ஓட்டுகிறாள். அம்மாவைப் பூசைக்கும் உன் கல்லறைக்கும் கூட்டிப்போகிறாள். ஏசி இன்னும் குளிர்வதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையை நான் எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. சிங்கப்பூர் அமைச்சருக்கு நான் கயிறு விற்றதை நம்புகிறார்கள், இதை நம்பவில்லை. அதனால் நான் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். குறைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று டிரெய்லரை இரண்டாக்கினேன். உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களிடம், ஒரே ஒரு டிரெய்லர்தான் காற்றுக் கொடுத்தது என்றேன். அதற்கும் சிரித்தார்கள். மாமு விடுகிறார் என்று ஒரு பையன் கையால் பட்டம் விட்டுக் காட்டினான்.

ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த ரீட்டா, "ஒண்ணு இல்லண்ணா. நாலு" என்றாள்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எனக்குத் தெரிந்து மூன்றுதான். நான் சொன்ன கணக்கைக் கூட்டித் திருத்திய முதல் ஆள் அவள். அப்புறம் அவள்தான் மெதுவாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் மண்டபத்தில் நான் பிரியாணியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பியிருக்கிறீர்கள். டோல்கேட் கிட்ட வண்டி மறுபடி உட்கார்ந்திருக்கிறது. நாலாவதாக ஒரு டிரெய்லர்க்காரர் இறங்கிக் காற்று அடித்துவிட்டு, ஹோஸைச் சுருட்டிக்கொண்டே, ஊரில் போய் இதைச் சொன்னால் எவன் நம்புவான் என்று சிரித்தாராம். அதற்கு நீ சொன்னதை அவள் உன் குரலிலேயே சொன்னாள்.

"எனுக்கு ஒரு தோஸ்து கீறான். அவன் சொல்லுவான். கொறச்சி மட்டும் சொல்ல மாட்டான்."

நைனா, அன்றைக்கு நான் கூடத்தில் தலை நிமிரவில்லை. இப்போது நாலு வண்டி என்றே சொல்லி வருகிறேன். சேலத்துக்காரர், இந்திக்காரர், கிளீனரை இறக்கிவிட்டவர், நான் பார்க்காத அந்த நாலாவது ஆள். கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.