இரண்டு கன்டெய்னர் அரிசியும் அம்மாவின் வீடும்

நவம்பர் 11, செவ்வாய்

மில்லில் மூட்டை தைக்கும் மிஷினில் இரண்டு முறை ஊசி உடைந்தது. மொரீஷியஸுக்குப் போகும் அரிசி நாளைக் காலைதான் முடியும். கப்பல் பதினைந்தாம் தேதி. துறைமுகத்தில் வியாழன் மதியத்துக்கு மேல் சரக்கு எடுக்க மாட்டார்களாம். சென்னை ஏஜென்ட் ஜெயசீலன் மூன்று தடவை போன் செய்துவிட்டார். பாகூரிலிருந்து ஒரு ராத்திரி ஓட்டம்தானே.

நவம்பர் 12, புதன்

பத்து மணிக்கெல்லாம் இரண்டு கன்டெய்னரிலும் ஏற்றியாயிற்று. மாமனார் வந்து லாரி சாவிகளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு அஷ்டமி, நாளிக்கு நவமி. வெள்ளிக்கெழம காத்தால போவட்டும்மா."

சொன்னேன். சொல்லாமல் இல்லை. "மாமா, எல்.சி.ல பதினஞ்சுதான் கடைசி நாள். தாண்டிட்டா அவுங்க பேங்க் பணம் தராது."

"நாலு நாள் முன்ன பின்ன போனா இன்னா? அரிசி புளிச்சிடுமா?"

எப்படிப் புரியவைப்பது? முகம் பார்த்தே இராத இரண்டு பேர், நடுவில் கடல். சரக்கு வராதோ என்று மொரீஷியஸில் வாங்குபவருக்குப் பயம், பணம் வராதோ என்று எனக்கு. அதனால் அவருடைய வங்கி நடுவில் நின்று, 'இந்தத் தேதிக்குள் கப்பலில் ஏற்றிய சீட்டைக் காட்டு, பணம் நான் தருகிறேன்' என்கிறது. அந்த வங்கி அரிசியைத் தொட்டுக்கூடப் பார்க்காது. காகிதம்தான் பார்க்கும். அந்த ஏற்பாடுதான் எல்.சி.

அந்தக் காகிதத்தை நம்பித்தான் நம் ஊர் வங்கி நெல் வாங்கக் கடன் கொடுத்தது. ஈடு, அப்பா என் பேரில் எழுதிய கிருமாம்பாக்கம் வீடு. அம்மா குடியிருக்கும் வீடு. பட்டாவில் பேர் மாற்றணும் என்று அம்மாவிடம் பொய் சொல்லிப் பத்திரத்தை வாங்கி வந்தேன். மாமாவின் மில் பத்திரத்தை வங்கியில் வைத்தால் வம்சத்துக்கு ஆகாதாம். என் வம்சத்துக்கு மட்டும் ஆகுமா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

என்னைக் கட்டிக்கொண்ட நவநீதன் தவிட்டு மூட்டையை எடை போட்டுக்கொண்டே, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் ஹேமா" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

லாரி போயிற்று. சூடம், எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. அடுத்த கப்பல் இருபத்திரண்டாம் தேதி.

டிசம்பர் 3, புதன்

டாலர் தொண்ணூறைத் தொட்டதாம். மாமா லட்டு வாங்கி வந்தார்.

நான் செப்டம்பரிலேயே ஃபார்வர்டு போட்டுவிட்டேன். முப்பத்துநாலாயிரம் டாலரை இந்த மாதக் கடைசிக்குள் எண்பத்தெட்டரை ரூபாய்க்கு வங்கிக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம். ஏறினாலும் இறங்கினாலும் அதே விலை. டாலர் இறங்கினால் செத்தோம் என்று அப்போது புலம்பியவரும் இவர்தான். இப்போது டாலரே வராவிட்டால்? தொண்ணூறுக்கு வாங்கி எண்பத்தெட்டரைக்குக் கொடுக்கணும். விற்காத அரிசிக்கும் நஷ்டம், இல்லாத டாலருக்கும் நஷ்டம்.

லட்டைத் தின்றேன். வேறென்ன செய்ய.

டிசம்பர் 11, வியாழன்

வங்கியில் ஏற்றுமதி பார்க்கிற ஜோஸ்பின் மேடம் கூப்பிட்டார். "தேதி தாண்டிடுச்சுன்னு அவுங்க பேங்க் பேப்பரை ஏத்துக்கல ஹேமா. இனிமே வாங்கறவரா மனசு வெச்சாதான்."

வாங்குபவர் மனசு வைப்பாராம், பத்து சதவீதம் குறைத்தால். கிறிஸ்துமஸ் வியாபாரம் போயிற்று என்று மெயில். அவர் மேல் தப்பில்லை. அரிசி அங்கே துறைமுகத்தில் கிடக்கிறது, நாளுக்கு நாள் வாடகை. திருப்பிக் கொண்டுவந்தால் கூலிக்கே போய்விடும்.

அம்மா போன் செய்தாள், சமையலறை ஓடு மாற்றலாமா என்று. "மாத்தும்மா" என்றேன். எந்த வாயால் சொன்னேன்?

டிசம்பர் 12, வெள்ளி

பத்து சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

பணம் வந்தது. ஃபார்வர்டு கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். கடன் அடைந்தது. கோயிலுக்குப் போகலாம் போல இருந்தது.

பத்திரத்தை எடுக்கலாமா என்று கேட்டேன். "அடுத்த ஆர்டருக்குத் திரும்ப வெக்கத்தானே போறோம்? அங்கியே கெடக்கட்டும்" என்றார் மாமா. பிறகு போனில் கணக்குப் போட்டார்.

"டாலர் தொண்ணூறு. அம்பதாயிரம் கொறையுதேம்மா?"

ஃபார்வர்டை மறுபடி விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கிருமாம்பாக்கத்துல ஓடு மாத்தறாங்களாமே" என்றார்.

அந்த ஐம்பதாயிரம் அம்மா வீட்டுக்குப் போயிற்றாம். நவநீதன் பக்கத்தில்தான் நின்றார்.

டிசம்பர் 30, செவ்வாய்

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

ஜனவரி 8, வியாழன்

மொரீஷியஸ்காரரிடமிருந்து மெயில். அரிசி நன்றாக ஓடுகிறதாம், நான்கு கன்டெய்னர் வேண்டுமாம். என் பெயருக்குத்தான் எழுதியிருக்கிறார். பதில் போட்டியா என்று மாமா கேட்டார். இல்லை என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

இன்றும் போடவில்லை.

"இன்னாம்மா நீ, ஆளு வேற எங்கனா பூடப்போறான்!"

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "எங்க அம்மா வூட்டுப் பத்திரம் வந்தாதான் மாமா மெயில் போவும்."

யாரும் சாப்பிடவில்லை. நவநீதன் மெதுவாக, "குடுத்துடலாம்பா" என்றார். பதினாலு நாள் கழித்து வந்த வார்த்தை. வந்தவரைக்கும் சரி.

ஜனவரி 21, புதன்

வங்கியில் இப்போது இருப்பது மில் பத்திரம். ஃபார்வர்டு தாளை ஜோஸ்பின் மேடத்தை விட்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லி, மாமாவே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "அப்ப அந்த அம்பதாயிரம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

நேரே கிருமாம்பாக்கம் பஸ் ஏறினேன். கவரை அம்மாவிடம் கொடுத்து, "பட்டா வேல முடிஞ்சுதும்மா" என்றேன்.

அம்மா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பேங்க்காரங்க போன ஆவணியிலியே வந்து வூட்ட அளந்துட்டுப் போனாங்கடி. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

நவநீதன் போன் செய்தபோது நாளைக்கு வருகிறேன் என்றேன்.