சிகாகோவிலிருந்து குபாத் வந்த தூரம்

நவம்பர் 19, பிஷ்கேக்
இன்று தையல்கூடத்துக்குப் போகவில்லை. அப்பாவுக்கு மாரடைப்பு. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்றார். வர வேண்டியவன் ஒருவன்தான். என் தம்பி குபாத், சிகாகோவில் லாரி ஓட்டுகிறான்.

போனில் தட்டிப் பார்த்தேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நேர் விமானம் கிடையாது. இஸ்தான்புல்லில் இறங்கி, காத்திருந்து, மாறி — எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் முழுக்க. அப்பா தாங்குவாரா?

தூரம்கூடப் பரவாயில்லை. அவனுடைய விசா காலாவதியாகி நாலு வருடம். அங்கிருந்து கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். மனைவி ஜிபேக், மூன்று வயது மகள், இருவரும் அங்கே. சொல்வதா, மறைப்பதா?

நவம்பர் 20
சொல்லிவிட்டேன். நெடுஞ்சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினான். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு, "அக்கா, நீ வான்னு சொல்றியா?" என்றான்.

"நான் எதுவும் சொல்லலடா. அப்பா நிலைமை இதுதான்."

இது ஒரு பதிலா?

அப்புறம் ஜிபேக் அழைத்தாள். அழவில்லை. "அவரு போயிட்டா நானும் பிள்ளையும் இங்க என்ன பண்றது அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 21
கிளம்பிவிட்டான்.

நவம்பர் 22
போன் திரையில் அவன் வரும் விமானத்தின் சின்னப் படம் கடலுக்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து கால் கடுக்கிறது. அப்பாவுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் எனக்கும் இழுக்கிறது. இருங்கப்பா. இன்னும் கொஞ்சம். இஸ்தான்புல்லில் பனிமூட்டமாம், அடுத்த விமானம் தாமதம். ஐயோ, அவன் வழியில் கிடக்கும்போது இவர் போய்விட்டால் — எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பேன்?

நவம்பர் 23
வந்து சேர்ந்தான். அப்பா இருக்கிறார். கண் திறந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார். போதும்.

டிசம்பர் 6
அப்பா எழுந்து உட்கார்ந்து ஆட்டுக்கறி சூப் குடிக்கிறார். டாக்டருக்கே ஆச்சரியம். "எதுக்குடா இப்ப வந்த? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று குபாத்தைக் கிண்டல் செய்தார். அவனும் சிரித்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அப்பா பிழைத்ததில் உனக்குச் சந்தோஷம்தானே, புருல்? சந்தோஷம்தான். அப்புறம் ஏன் வெளியே ஓடி வந்தாய்?

டிசம்பர் 15
குபாத் விசாரித்துவிட்டு வந்தான். பத்து வருடத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாதாம். மகள் போனில் எப்போது வருவாய் என்று கேட்டாள். வேலை முடிந்ததும் என்றான்.

ஜனவரி 11
குளிர் தாங்கவில்லை என்று குபாத் ஜிபேக்கிடம் தன் கம்பளிக் கோட்டைக் கேட்டிருந்தான். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஜிபேக் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். நான்தான் திறந்தேன். மேலே கோட்டு. அடியில், அவன் கேட்காத கோடைச் சட்டைகள், செருப்பு, சவரச் சாமான்கள். சட்டைகளைத் தேய்த்து மடித்திருந்தாள்.

குபாத் சட்டைகளைக் கையில் எடுத்தான்.

"அலமாரில ஒரு தட்டு காலி பண்ணிக் குடுக்கா" என்றான்.

காலி செய்து கொடுத்தேன்.