வாகையடி முக்கில் உங்கப்பா செய்த காரியம்

அன்பு மகள் ப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். மனசுதான் கொதிக்கிறது. போனில் பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போடு என்று உங்கப்பா பக்கத்தில் வந்து நிற்பார், அதனால்தான் கடிதம்.

நீ சைக்கிளில் வேலைக்குப் போகையில் எவனோ காரை நெருக்கி ஓட்டி வந்து உன் நாட்டுக்குப் போ என்று கத்தியதையும், நீ விழுந்து முழங்கை உரிந்ததையும் அப்பாவிடம் சொல்லாதே என்றாய். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கட்டையில போறவன்! அவன் ஊர்க் காற்று கெடக் கூடாது என்றுதானே என் பிள்ளை கார் வாங்காமல் பெடல் மிதிக்கிறாள்! அங்கே தேர்தல் மேடையிலும் இதே பேச்சு என்றாயே, அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கப்பாவோ, எம்மக சுற்றுச்சூழலுக்காக சைக்கிள்ல போறா என்று டவுண் முழுக்கத் தம்பட்டம். இவர் மட்டும் பக்கத்துத் தெரு அல்வாக் கடைக்கும் ஸ்கூட்டரை உதைப்பார்.

சனிக்கிழமை உன் அத்தை மகன் கணேஷ்ராமின் மறுவீட்டுக்குப் போயிருந்தோம். சொதியை வயிறு முட்டச் சாப்பிட்ட உங்கப்பா இஞ்சித் துவையலைத் தொடவே இல்லை. அவ்வளவு தேங்காய்ப்பால் சும்மா விடுமா? மந்தம் பிடித்து, சிடுசிடுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். வாகையடி முக்கில் டைல்ஸ் ஒட்டுகிற வடநாட்டு ஆள் ஒருவர், சைக்கிளில் வந்தவர், லேசாக உரசிவிட்டார். ஏலே, உங்க ஊருக்கே போய்த் தொலைங்கலே, இங்கன வந்து ஏன் உயிரை வாங்குதீங்க என்று இவர் வண்டியை முறுக்க, அந்த மனுஷன் பயந்து சரிந்து விழுந்தார். எனக்கு மானமே போயிற்று. நான்தான் இறங்கித் தூக்கிவிட்டேன். இவரோ, இன்னும் கொஞ்ச நாள்ல நம்ம ஓட்டையும் இவனுவதான் போடுவானுவ என்று வீடு வரைக்கும் பிரசங்கம்.

வந்ததும் பூண்டு ரசம் வை, சோத்தைக் குழைய வடி, அதுதான் இதமா இருக்கும் என்றார். அடுப்பே பற்ற வைக்க மாட்டேன் என்று சொல்லி, உனக்கு நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அரண்டுபோய், மக கீழ விழுந்தாளா, ரொம்ப அடியா என்றார். அந்த ஆளும்தான் விழுந்தாரு, அவரை நீங்க கேட்டீங்களா என்றேன். பிறகு ரசம் வைத்துக் கொடுத்தேன், சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

உளுந்தஞ்சோறு கேட்டாயே, கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்துப் போடு, எள்ளுப்பொடி அனுப்பியிருக்கிறேன். இருட்டினால் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் வா. நம்ம கோயில் காந்திமதி அம்மை உன் கூடவே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடுவார். ஒண்ணுமில்லப்பா என்று மழுப்பாதே. அந்தக் கார்க்காரன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல். உன் வாயால் கேட்டால்தான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கு உறைக்கும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா,
ஆவுடைத்தாய்