நானே வந்து பூசுகிறேன்

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அத்தானும் சௌக்கியமா? என் வாலு என்ன செய்கிறாள்? அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘நல்லா சாப்பிடறியா, நல்லா படிக்கிறியா’ என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. பெற்ற மகளிடம் பேச இவ்வளவுதானா என்று வெட்கமாகிவிட்டது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

வாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாடகை அறை. மடக்கு நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கிப் போட்டால், சாயங்காலத்துக்குள் நாற்பது பிள்ளைகள். ஆறு வயதில் முளைக்கும் நான்கு கடைவாய்ப்பல்லின் மேலும் பள்ளம் பள்ளமாக இருக்குமல்லவா, தின்பதெல்லாம் அதில் போய்த் தங்கிச் சொத்தையாகிவிடும். அந்தப் பள்ளங்களைப் பூச்சால் அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைக்கிறேன். ஊசி இல்லை, வலி இல்லை. பல் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எச்சில் பட்டால் பூச்சு ஒட்டாது.

வாலுவுக்கு ஏழு வயது முடியப்போகிறது. அவளை வேறு யாரிடமும் காட்டிவிடாதே. அவசரத்தில் அரைகுறையாகப் பூசி அனுப்பிவிடுவார்கள். லீவு போட்டு நானே வந்து பூசுகிறேன். இதைக்கூட அவளுக்குச் செய்யாவிட்டால் நான் என்ன டாக்டர்?

உன் தங்கை

ஆகஸ்ட் 22

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்குத் தலைக்கு மேல் வேலை, தெரியும். ஆனாலும் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா?

போன வாரம் வாலுவின் பள்ளிக்கூடத்துக்கே உங்களைப் போல ஒரு குழு வந்தது. நீ சொன்னபடி, ‘இவள் அம்மாவே பல் டாக்டர், அவரே வந்து செய்வார்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன். வகுப்பே வரிசையில் நின்றதாம், இவள் மட்டும் பெஞ்சில். பூசிக்கொண்ட பிள்ளைகளுக்குச் சட்டையில் நட்சத்திரம் ஒட்டினார்களாம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “எங்கம்மா வந்து போடுவாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். எப்ப வருவாங்க பெரியம்மா?” என்றாள். பரீட்சை லீவுக்கு என்று சொல்லிவைத்தேன். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா

அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

லீவு கிடைக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கிடைத்த லீவை நான்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்.

போன தடவை நான் வந்தபோது, கதவைத் திறந்தவள் உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். அவள் அப்பா எங்களை விட்டுப் போனபோது, ஒரு வருஷம் வைத்துக்கொள் என்றுதான் உன்னிடம் விட்டேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. மறுபடியும் அவள் ஒளிந்துகொண்டால் என்னால் தாங்க முடியாது.

நேற்று நாற்காலியில் இருந்த ஒரு வாயாடி, “டாக்டர், உங்க பாப்பாவுக்கு யார் போட்டாங்க?” என்று கேட்டாள். “நான்தான்” என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

புது வருஷம் பிறந்ததும் நிச்சயம் வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். வேறு யாரிடமும் போய்விடாதே.

உன் தங்கை

ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

வாலுவுக்கு வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி, கன்னம் வீங்கிவிட்டது. நீதான் வருகிறேன் என்றாயே என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அது என் தப்பு. மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேர்வரை போய்விட்டதாம். “பல் முளைச்சப்பவே பூச்சு போட்டிருந்தா இந்தப் பாடு இல்லையேம்மா, ஏன் விட்டீங்க?” என்று கேட்டார்.

ஊசி போடும்போது “அம்மா!” என்று அலறினாள். “அம்மா வந்துடுவாங்கடா கண்ணு” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்த பிறகு, “நான் அவங்களைக் கூப்பிடல. உங்களைத்தான் கூப்பிட்டேன்” என்றாள்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் தவித்தேன். மறைப்பது துரோகம் என்று பட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, என்னை நம்பு. இதைப் பார்த்த கையோடு கிளம்பி வா. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

உன்னை நம்பாமல் வேறு யாரை நம்பப்போகிறேன்? என் பேச்சைக் கேட்டதைத் தவிர நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே பெட்டி கட்டினேன். முதலில் எடுத்துவைத்தது விளக்கு, பஞ்சு, பூச்சு. பிறகுதான் உறைத்தது, மகளைப் பார்க்கப் போகிறவள் எடுத்துவைக்கிற சாமானா இது? அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும், எதைக் கண்டால் பயப்படுவாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒரு பல்லைச் சாக்காக வைத்து அம்மாவாகிவிடலாம் என்று இருந்திருக்கிறேன். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதே. எனக்கு வலிக்கிறது, அதற்காக அவளைத் திருத்த வேண்டாம்.

மீதி மூன்று பல்லுக்கும் அந்த டாக்டரிடமே இந்த வாரம் பூச்சு போட்டுவிடு. பன்னிரண்டு வயதில் அதற்குப் பின்னால் இன்னும் நான்கு கடைவாய்ப்பல் முளைக்கும். வெளியே தெரிந்ததும் கூட்டிக்கொண்டு போ. என்னைக் கேட்க வேண்டாம்.

உன் தங்கை