மீன் கூவி வாசித்த படப்புத்தகம்

டொரண்டோ,
மாசி 12

அன்பு மச்சானுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? மகள் யதுர்ஷாவுக்கு இருமல் விட்டதா?

நான் வேலை செய்யும் பாலர் நிலையத்தில், ஹிப்ஹொப் பாட்டைப் பழக்குகிற படப்புத்தகம் ஒன்றை மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொன்னார்கள். எனக்கெங்கே அது தெரியும்? தேவாரம் மாதிரி இழுத்தேன். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது, இன்னொன்று எழுந்தே போய்விட்டது.

அப்போதுதான் நீங்கள் பனிச்சங்கேணியில் சைக்கிளில் மீன் கூவி விற்பது நினைவு வந்தது. "ஓரா, மணலை, ஆத்து றால், ஓடி வாங்க புள்ள, ஓடி வாங்க!" அந்தத் தாளத்திலேயே இங்கிலீசு வரிகளைச் சொன்னேன். பிள்ளைகள் மேசையில் தட்டித் துள்ளினார்கள். எங்கே படித்தாய் என்று பெரிய மிஸ் கேட்டா. என் கணவரிடம் என்றேன்.

அதே புத்தகம் ஒன்று இதோடு வருகிறது. இங்கிலீசை விடுங்கள், படத்தைக் காட்டி மகளுக்கு மீன் பெயர்களைக் கூவுங்கள்.

நீங்கள் கூவுவதைப் பதிந்து அனுப்புங்கள், இங்குள்ள பிள்ளைகளுக்குத்தான். சைக்கிளில் முன்னால் இருந்துகொண்டு யதுர்ஷாவும் சேர்ந்து கத்துவாளே, அதை வெட்ட வேண்டாம். ஃபோனில் என்னோடு பேசத்தான் அவளுக்கு வெட்கம்.

பார்சல் கடையைப் பூட்டப் போகிறார்கள்.

உங்கள்
ஜெயவதனி