ஊசி தந்த வெக்கை

ஜனவரி 21, புதன். கண்டி.

புரொஸ்டேட் புற்றுநோய்க்கு நான் போட்டுக்கொள்ளும் ஊசி நாளைக்கு. இனி வேண்டாம் என்று காலையில் முடிவு செய்திருந்தேன். விதைகளில் டெஸ்டோஸ்டெரோன் சுரப்பதை அந்த ஊசி நிறுத்திவிடுகிறது. அந்த ஹோர்மோன்தான் கட்டிக்குத் தீனி என்றார் டொக்டர். அது எனக்கு விளங்குகிறது. கூடவே வரும் வெக்கையைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்று புசல்லாவையில் தோட்டத் தொழிலாளர் கூட்டம். பனிமூட்டத்தில் எல்லாரும் சுவெட்டரோடு நிற்க, செய்திக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் சட்டை நனைந்தது.

"என்னாங்க ஐயா, எங்க பிரச்சினைக்கு நீங்க வேர்க்கிறீங்க?" என்றார் தலைவர். கூட்டமே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் என் முடிவை மனைவியிடம் சொன்னேன். நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும் அந்தச் சூட்டை, செய்தி சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் விவரித்தேன். சரோஜா முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு மாதவிடாய் நின்னப்ப இதேதாங்க. ஹோர்மோன் கொறஞ்சா அப்படித்தான். நான் என்ன, செத்தா போயிட்டேன்? பேசாம ஊசியப் போட்டுட்டு வாங்க. வேர்த்தா வேர்க்கட்டும். எனக்கு நீங்க வேணும்."

நாளைக்குப் போகிறேன். இந்தச் சூட்டைத் தன் உடம்பில் அறிந்த ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். வேறு யாருக்குக் கிடைக்கும் இது?

எழுதும்போதே மறுபடி ஏறுகிறது. படுக்கையிலிருந்து அவள் குரல்:

"வந்துருச்சா? ஜன்னலத் தொறங்க. நான் இழுத்துப் போத்திக்கிறேன்."